பச்சை அடித்த பலகை

எங்கள் தோட்டத்து அணைக்கு முதல் தரம் கொடுத்த ஜப்பான் அதிகாரி, அதன் மேல் தழைத்திருந்த மரவள்ளிச் செடியைப் பார்த்துத்தான் கொடுத்தான். மண்ணைத் தொட்டுப் பார்க்கவில்லை, மதகை எட்டியும் பார்க்கவில்லை. இத்தனை வயதான பிறகும் இதைச் சொல்லும்போது எனக்கு வயிறு எரிகிறது.

குளுவாங் டவுனிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டம் அது. கூலிகள் குடியிருந்த லயன் வீடுகளுக்கு மேலே, ஓடையை மறித்து நீளமாக ஒரு மண்கரை இருந்தது. மழைக்கால வெள்ளத்தைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதற்காக வெள்ளைக்காரத் துரை கட்டியது. நாங்கள் பண்டு என்போம். அடைமழைக்கு முன்னால் துரை அதைச் சுற்றிப் பார்த்துத் தரம் போடுவார். எழுத்து தெரியாதவர்களுக்கும் விளங்க வேண்டும் என்று பண்டின் ஓரத்தில் நட்ட பலகைக்குச் சாயம் அடிப்பார்கள். பச்சை என்றால் வீட்டிலேயே இருக்கலாம். மஞ்சள் என்றால் மூட்டை கட்டித் தயாராக இருக்க வேண்டும். சிவப்பு என்றால் பாயையும் சட்டியையும் தூக்கிக்கொண்டு மேட்டிலிருந்த, ரப்பர் உலர்த்தும் புகைக் கொட்டகைக்கு ஏறிவிட வேண்டும். துரைக்கு எங்கள்மேல் பாசம் ஒன்றும் பொங்கி வழியவில்லை. நாங்கள் செத்தால் மரம் சீவ ஆள் வேண்டுமே. ஆனாலும் அந்தப் பலகை பொய் சொன்னதில்லை.

பண்டுக்கு ஒரு காவல்காரர் இருந்தார். கால் விந்துபவர், தனி ஆள், பண்டுக்கு அடியிலேயே குடிசை. உறவில்லை என்றாலும் எங்களுக்கு அவர் சித்தப்பாதான். பண்டில் புல்லைத் தவிர எதையும் முளைக்க விடமாட்டார். ஆடு ஏறினாலும் ஏசுவார், நாங்கள் ஏறினாலும் ஏசுவார். பலகைக்கு மட்டும் தினமும் தூசி தட்டுவார்.

ஜப்பான்காரன் வந்ததும் துரை ஓடிப்போனார். அப்பாவையும் மற்ற ஆண்களையும் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். சித்தப்பாவை அவருடைய விந்தும் கால் காப்பாற்றியது. கீழ் லயனில் பெண்களும் பிள்ளைகளுமே மிச்சம். ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்த மாமா, அம்மாவின் அண்ணன், தோட்டத்துக்கே பெரிய ஆளானார். ஒரு துண்டு நிலமும் சும்மா கிடக்கக் கூடாது, கிழங்கு நட வேண்டும் என்று உத்தரவு வந்தது. மாமா பண்டிலும் நடவைத்தார். சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

செடி ஆளுயரம் வளர்ந்த சமயத்தில் அதிகாரி வந்தான். பண்டின் மேல் ஒரு நடை நடந்து, இலையைத் தடவிப் பார்த்து, "ஜோத்தோ" என்றான். முதல் தரம் என்று அர்த்தமாம். பலகைக்குப் பச்சை அடிக்கச் சொல்லிவிட்டுப் போனான். அடைமழை நெருங்கும்போது கிழங்கைப் பிடுங்கினார்கள். பண்டு முழுக்கக் குழி. பலகை மட்டும் பச்சை.

ஒருநாள் காலைப் பெரட்டில், ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடத்தில், அம்மா முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, அந்தக் குழியில கைய விட்டா முழங்கை வரைக்கும் போவுது. எங்கள கொட்டகைக்கு அனுப்புங்க."

பக்கத்தில் அதிகாரியின் ஆள் நின்றுகொண்டிருந்தான். மாமா அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே பேசினார். "பலக பச்சையாதான இருக்கு? அதிகாரி போட்ட தரம். இப்ப நீங்க மேல ஏறுனா அவரு சொன்னது பொய்னு ஆயிடும். தல போயிடும்."

"பச்சச் சாயமா வந்து தண்ணிய நிறுத்தப் போவுது?"

பெண்கள் அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. பலகையைக் கேலி செய்தால் அவருக்குப் பிடிக்காது.

மழை பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் மாமா எங்கள் லயனுக்கு வந்தார். தோட்டமே கேட்கிற மாதிரி கத்தினார். "பெரட்டுல சிரிச்சவளுங்க எல்லாரும் கெளம்புங்க. கொட்டக குப்பையா கெடக்கு, கழுவணும். புள்ளைங்களயும் இழுத்துக்கிட்டுப் போங்க. நான் சொல்ற வரைக்கும் ஒருத்தியும் கீழ எறங்கக் கூடாது. இதுதான் தண்டன."

கொட்டுகிற மழையில், சொந்தத் தங்கையை. எனக்கு ரத்தம் கொதித்தது. அண்ணன் ஒரு வார்த்தை சொன்னால் நாலு வார்த்தை திருப்பிக் கொடுக்கும் அம்மா அன்றைக்கு உடனே எழுந்துவிட்டாள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு சட்டியை எடுத்தாள். வழியெல்லாம் நான் மாமாவைத் திட்டிக்கொண்டே ஏறினேன். பண்டருகே சித்தப்பா குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தார். அம்மா அவரையும் கூப்பிட்டாள். அவர் பலகையைக் காட்டி, வரமாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

மறுநாள் மத்தியானம் பண்டு உடைந்தது. கொட்டகையிலிருந்து பார்த்தோம். கீழ் லயன் இருந்த இடத்தில் செந்நீர்தான் ஓடியது. சித்தப்பாவின் குடிசை இருந்த அடையாளமே இல்லை. பலகை மட்டும் ஒரு மூலையில் பச்சையாக நின்றது.

தண்ணீர் வடிந்த பிறகு அதிகாரி வந்தான். பண்டு ஏன் உடைந்தது என்று கேட்டானா? செத்தவர் யார் என்று கேட்டானா? பலகை பச்சையாக இருக்கும்போது இத்தனை பேர் எதற்கு மேலே ஏறினார்கள் என்று கேட்டான். தண்டனைக்கு ஏற்றினேன் என்றார் மாமா. அவன் மாமாவின் தோளில் தட்டி, "ஜோத்தோ" என்றான். பண்டுக்குக் கொடுத்த அதே தரம்.

அன்றைக்கு அம்மா இருந்ததில் நல்ல கிழங்காகப் பொறுக்கி அவித்து, மாமாவிடம் கொடுத்துவரச் சொன்னாள். எங்களைத் தண்டித்தவருக்கு நல்ல கிழங்கு ஒரு கேடா என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். மாமா ஆபீஸ் படியில் உட்கார்ந்திருந்தார். கிழங்கைத் தொடவில்லை.

"காவக்காரன் மேல ஒரு குத்தமும் கெடைக்கலயே, பாப்பா. அன்னிக்குப் பெரட்டுல அவன் சிரிக்கக்கூட இல்லயே" என்று சொல்லி அழுதார்.

செத்துப்போன மனிதரிடம்கூடக் குற்றம் தேடுகிறாரே என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஓடிவந்து அம்மாவிடம் அப்படியே சொன்னேன். என்னோடு சேர்ந்து திட்டுவாள் என்று பார்த்தால், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளும் மாமா பக்கம் சாய்ந்துவிட்டாள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.