பூ தெரிந்தால் பலகையைத் தூக்கு

காலை ஐந்தரைக்குத் திருச்சி ஜங்ஷனில் இறங்கினேன். எண்பத்து மூன்றாம் வருஷம், ஐப்பசி பிறந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். மெட்ராஸிலிருந்து முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் உட்கார்ந்தே வந்த இடுப்பு என்னைத் திட்டிக்கொண்டிருந்தது. பாலக்கரைப் பக்கம் போக சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் மூன்று ரூபாய் கேட்டார். பேரம் பேசி இரண்டரைக்கு முடித்தேன். முடித்ததில் எனக்கு ஏகப் பெருமை. தோழி ஜெசிந்தா வாசலில் நின்றபடியே, ஒன்றரைக்கு வருவார்களே என்று சொல்லி அதைக் கெடுத்தாள்.

ஜெசிந்தாவும் நானும் காலேஜ் ஹாஸ்டலில் ஒரே அறை. அவள் இப்போது பெண்கள் பள்ளியில் சயின்ஸ் டீச்சர். வீட்டுக்காரருக்கு ரயில்வே வேலை. அந்த வாரம் விழுப்புரத்தில் இருந்தார். தெருவில் இருபத்திரண்டு வீடுகள். ஒரு முனையில் சர்ச், மறுமுனையில் சின்னக் குளம், குளத்துக்கு எதிரே காதர் பாயின் லாரி ஒர்க்‌ஷாப். கூரைகளிலும் தெருவிலும் விழும் மழை முழுதும் ஒரு செங்கல் வாய்க்காலில் ஓடிக் குளத்துக்கு வரும். குளத்து வாயில் ஒரு மரப்பலகை. அது இறங்கியிருந்தால் தண்ணீர் ரோட்டுச் சாக்கடைக்குத் திரும்பிவிடும். தூக்கினால் குளத்துக்குள் போகும்.

குளத்து நீரை யாரும் குடிப்பதில்லை. ஆனால் எல்லார் வீட்டுக் கிணறும் அதை நம்பித்தான் ஊறுகிறது. சரியான மழை பெய்து இரண்டு வருஷமாகிவிட்டது. குளம் வெடித்துக் கிடந்தது. குளிக்கலாம் என்று ஜெசிந்தா வீட்டுக் கிணற்றில் வாளியை விட்டேன்; இரண்டு இடத்தில் ஒட்டுப்போட்ட கயிறு முழுவதும் இறங்கி, அரை வாளி சேறு வந்தது.

காபி குடிக்கும்போது அவள் கவலையைச் சொன்னாள். மழையின் முதல் தண்ணீரை இந்தத் தெருவில் குளத்துக்குள் விடுவதில்லை. சாணி, எண்ணெய், குப்பையெல்லாம் கழுவிக்கொண்டு அது சாக்கடையோடு போய்விட வேண்டும். அடியில் சிவப்பு ரோஜா போட்ட ஒரு வெள்ளை எனாமல் பேசின் இருக்கிறது. வாய்க்கால் தண்ணீரை அதில் மொண்டு பார்க்க வேண்டும். பூ தெரிந்தால் பலகையைத் தூக்கலாம். வருஷத்துக்கு ஒரு வீட்டுக்கு முறை. முறை வீட்டார் தவிர வேறு யாரும் பேசினுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் இருபத்திரண்டு அபிப்பிராயம் வந்துவிடும். போன நல்ல மழையில் முறை வீட்டார் அவசரப்பட்டுத் தூக்கிவிட்டார்கள். ஒர்க்‌ஷாப் கிரீஸ் எல்லாம் குளத்துக்குள் போய், மூன்று மாதம் கிணற்றில் எண்ணெய் மிதந்ததாம், பாதித் தெருவுக்கு வயிற்றுப்போக்காம். அதிலிருந்து காதர் பாய் கழிவு எண்ணெயை டிரம்மில் பிடித்து வைக்கிறார். இந்த வருஷம் முறை ஜெசிந்தாவுக்கு. சீக்கிரம் தூக்கினால் கிணறு கெடும், தாமதித்தால் மழை நின்றுபோகும். பாவம், ஒரு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை.

ஒன்பது மணிக்குப் பள்ளிக்குக் கிளம்பினாள். வானம் துடைத்துவிட்டது மாதிரி இருந்தது.

"மழை வராது. ஒருவேளை வந்துட்டா, கொல்லையில ஆணியில பேசின் தொங்குது. பூ தெரிஞ்சா பலகையைத் தூக்கிடு."

இது ஒரு பெரிய வேலையா என்று நினைத்துக்கொண்டேன். வாய்க்கொழுப்பு எனக்கு எப்போதும் உண்டு.

பத்து மணிக்கு ஒன்றாம் நம்பர் பஸ். ஸ்ரீரங்கத்துக்கு டிக்கெட் அறுபது பைசா. பாலத்திலிருந்து பார்த்தால் காவிரியில் தண்ணீரைவிட மணல்தான் அதிகம். பெருமாளைச் சேவித்துவிட்டு, புளியோதரை தின்று, சித்திரை வீதியில் நிதானமாக நடந்தேன். அங்கே ஒரு பூக்காரம்மா தெற்கே பார்த்து, இருட்டிக்கிட்டு வருது, சீக்கிரம் கிளம்புங்க என்றார். இரண்டு மணிக்கு வீட்டில் இருந்தேன்.

இரண்டே முக்காலுக்கு மழை கொட்டியது. அடடா, எப்பேர்ப்பட்ட மழை! கொல்லைக்கு ஓடி, ஆணியிலிருந்த வெள்ளைப் பேசினை இழுத்துக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடினேன். முதல் பேசின் டிக்காஷன் மாதிரி இருந்தது. பூ தெரியவில்லை. பத்து நிமிஷம் கழித்து மொண்டேன், டீ மாதிரி. அப்போதும் தெரியவில்லை. பிறகு நன்றாகத் தெளிந்துதான் வந்தது. ஆனாலும் பூவைக் காணோம். எனக்குக் கண் மங்கிவிட்டதா என்று பயமே வந்தது.

சாக்கடை நிரம்பி, தண்ணீர் ஒர்க்‌ஷாப் படியேறியது. காதர் பாய் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்து, இரண்டடி தள்ளியே நின்றார்.

"கடைக்குள்ள தண்ணி வருதும்மா. பரவாயில்ல, நீங்க நல்லா பாத்தே தூக்குங்க. இன்னும் தெரியலையா?"

"இல்ல பாய்."

அவர் எட்டிப் பார்க்கவில்லை. நானும் காட்டவில்லை. மழை வேறு இளைக்கத் தொடங்கியது. என் பிடிவாதத்தால் இந்தத் தெருவையே காயப்போடப் போகிறேனா என்று மறுபடி மொண்டு பார்த்தேன். ஆனாலும் பூ தெரியாமல் எப்படித் தூக்குவது?

மூன்றரைக்கு ஜெசிந்தா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்தாள். பேசினை வாங்கிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அடிப்பாவி கமலா, இது மீன் கழுவுற பேசின்டி. இதுல ஏது பூ?"

ரோஜா பேசின் பக்கத்திலேயே, முறத்துக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்ததாம். காதர் பாய் சிரித்த சிரிப்பில் தலையிலிருந்த சாக்கு விழுந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஜெசிந்தா ரோஜாவைத் தேடி ஓடவில்லை. புதிதாக ஒரு பேசின் மொண்டு, அதன் அடியில் விரல்களை விரித்தாள். பேப்பர் திருத்திய சிவப்பு மை நகக்கண் வரை பளிச்சென்று தெரிந்தது. மூவரும் சேர்ந்து பலகையைத் தூக்கினோம்.

அதற்காகவே காத்திருந்த மாதிரி மழை மறுபடி வலுத்து, ஐந்தரை வரை பெய்தது. குளத்தில் மூன்று படி மூழ்கின. தெருவே குடையோடு கரையில் நின்றது. பாதிப் பேர் குடையை விரிக்கவே இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை கிணற்றில் வாளி விட்டேன். கயிற்றின் மேல் ஒட்டு என் கையிலேயே நின்றுவிட்டது, வாளி நிறைந்துவிட்டது. எண்ணெய்ப் படலமே இல்லை. நான் தாமதித்ததால்தான் இவ்வளவு சுத்தமான தண்ணீர் என்றாள் ஜெசிந்தா. என்னைத் தேற்றச் சொன்னாளோ என்னவோ, நான் அப்படியே வைத்துக்கொண்டேன்.

அன்று மாலை கிளம்பினேன். மெட்ராஸில் எங்கள் தெருவில் மழை பெய்தால் எல்லாம் சாக்கடையில் ஓடிக் கடலில் விழும்; மறுநாள் நாங்கள் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்று சண்டை போடுவோம். இறக்கவும் தூக்கவும் அங்கே ஒரு பலகை இல்லை. இத்தனை வருஷமாக அது எனக்கு ஒரு குறையாகத் தோன்றியதும் இல்லை.

ரிக்‌ஷா வந்து நின்றபோது காதர் பாய் மீன் பேசினோடு வந்தார். கடைக்குள் புகுந்த தண்ணீரை இரண்டு நாளாக வாரிக் கொட்டியவர் அவர். பேசின் அடியில் லாரிக்கு அடிக்கும் சிவப்பு பெயின்டில் ஆறு இதழோடு ஒரு பூ. இன்னும் ஈரம் காயவில்லை.

"அடுத்த தடவை நீங்க எதை எடுத்தாலும் பூ இருக்கும்மா."

அதை ஜெசிந்தா ரோஜாவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள். ஜங்ஷனுக்கு ஒன்றரை ரூபாய்தான் கொடுத்தேன்.