வீட்டில் இணையும், ஆலயத்தில் இணையாது

அருமனைக்குப் பக்கத்தில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற ஒரு சபையில், ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிக்கிறவர்களில் பெபிஷாவும் ஒருத்தி. அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர். பிறவியிலேயே பார்வை கிடையாது. அதற்காக யாராவது 'உச்' கொட்டினால் அவளுக்கு ஆகவே ஆகாது. கொட்டுகிறவர்களுக்கோ அது தெரிவதே இல்லை. கணவன் எபினுக்கும் பார்வையில்லை. மார்த்தாண்டத்தில் வங்கி வேலை, மிச்ச நேரமெல்லாம் கிரிக்கெட்.

பிரெய்லில் அச்சிட்ட வேதாகமம் ஓர் அலமாரி நிறைய வரும். அதில் ஒரு பாகத்தைச் சுமந்துகொண்டு வாராவாரம் பஸ் ஏறுவது நடக்கிற காரியமா? அதனால்தான் பிரெய்ல் டிஸ்பிளே வாங்கினாள். கைக்கு அடக்கமான பெட்டி. புளூடூத் வழியாகப் போனோடு சேர்ந்துவிட்டால், போனில் இருக்கிற எழுத்து அதன் மேல் புள்ளிகளாக எழும்பும். விரலால் தடவி வாசிக்க வேண்டியதுதான். இரண்டு வருஷமாக ஒரு பிசகும் இல்லை.

டிசம்பர் பிறந்தது, வினையும் பிறந்தது. புதுப் போனோடு முதல்முறையாக வாசிக்கப் போய் நின்றாள். விரலை வைத்தால் மொட்டை! ஒரு புள்ளிகூட எழும்பவில்லை. அணைத்துப் போட்டாள், மறுபடி போட்டாள். மைக்கின் முன்னால் எவ்வளவு நேரம்தான் நிற்பது? பாடம் வாசிக்க ஆள் போடுகிற பெண்கள் ஐக்கியச் செயலாளர் பூங்கனி எழுந்து வந்து, தன் வேதாகமத்திலிருந்து வாசித்து முடித்தாள். அடுத்த ஞாயிறும் அதே கூத்து.

"பரவாயில்ல மக்கா, நீ வந்து நிக்கதே பெரிய காரியமாக்கும்," என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள் பூங்கனி.

பெபிஷாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நிற்பதற்கா அவள் வந்தாள்?

கருவிக்கு என்ன கேடு என்று ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். மைக் செட் ஜாஸ்பர், "பக்கத்துல டவர் இருக்குல்லா, அது இழுத்துப் போடும்," என்றார். சுவர் தடிமன் என்றார் ஒருவர். எபின்கூட, "சார்ஜ் நல்லா ஏத்தினியா?" என்று அக்கறையாகக் கேட்டான். பெபிஷா போனிலிருந்து கருவியை நீக்கி, புதிதாகச் சேர்த்துப் பார்த்தாள். சென்னையில் பயிற்சி கொடுத்தவருக்குப் போன் போட்டுக் கேட்டாள். வீட்டில் எல்லாம் சக்கைப் போடு போட்டது. சனிக்கிழமை சாயங்காலம் சாவி வாங்கி, தனியாக ஆலயத்துக்குள் போய் அதே இடத்தில் நின்று வாசித்துப் பார்த்தாள். வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு ஓடியது. அப்படியென்றால் டவரும் இல்லை, சுவரும் இல்லை. சனிக்கிழமை இல்லாத ஏதோ ஒன்று ஞாயிற்றுக்கிழமை உள்ளே வருகிறது.

சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பூங்கனி மெல்லச் சொன்னாள்: "நாளைக்கும் ஓடலேண்ணா இனி நம்ம ஐக்கியத்துல உள்ள ஜாஸ்பின் வாசிக்கட்டும், என்னா? உனக்கு எதுக்குப் பிள்ளே இந்தப் பாடு?"

அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் பெபிஷாவைப் பயமுறுத்தியது. கோபத்தில் பறித்தால் சண்டை போட்டு வாங்கலாம். இரக்கத்தில் பறித்ததை யாரிடம் போய்க் கேட்பது?

மறுநாள் வழக்கம்போல அவளும் எபினும் வாசலிலேயே பிரிந்தார்கள். அந்தச் சபையில் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். பாட்டு முடிந்து பெயர் சொல்லி அழைத்தார்கள். பெபிஷா போய் நின்று கருவியைப் போட்டு விரலை வைத்தாள். மொட்டை. 'ஆண்டவரே, இன்னைக்கு மட்டும்' என்று நினைத்த கணத்தில், விரலுக்கடியில் கிடுகிடுவென்று புள்ளிகள் எழும்பின. உயிர் வந்தது போலிருந்தது. வாயைத் திறந்து வாசிக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

'இந்தியா, ஐந்து விக்கெட் இழப்புக்கு...'

எந்தத் தீர்க்கதரிசியும் இப்படி எழுதி அவள் வாசித்ததில்லை. இன்னொரு தடவை தடவினாள். விக்கெட்தான்.

அவளுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது. புதுப் போன் வந்ததும் பழைய போனை எபினுக்குக் கொடுத்திருந்தாள். அந்தப் போனுக்கு இந்தக் கருவி ஏற்கெனவே பழக்கம். வீட்டில் அவன் டிவியில் சத்தமாக மேட்ச் கேட்பான்; புளூடூத் போட மாட்டான், சார்ஜ் தீருமாம். ஆலயத்திலோ, காதில் வயரில்லாத ஒற்றை இயர்போனைச் செருகி, ஆஸ்திரேலியாவில் நடக்கிற டெஸ்டை ரகசியமாகக் கேட்க, புளூடூத் வேண்டுமே! அதைப் போட்டதும் பழைய போன் முந்திக்கொண்டு கருவியைப் பிடித்துக்கொண்டது. இத்தனை நாள் திரை அணைந்திருந்ததால் மொட்டை. இன்று ஐயா ஸ்கோர் பார்க்கத் திரையைத் திறந்துவிட்டார். சார்ஜ் ஏற்றினாயா என்று கேட்ட மனுஷன்!

கோபம் வந்தது. அதைவிடப் பெரிதாகச் சிரிப்பு வந்தது. பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு மைக்கில் சொன்னாள்:

"ஆண்கள் பக்கத்துல யாராவது மேட்ச் கேட்டுட்டு இருந்தா, தயவு செஞ்சு புளூடூத்த அணைங்க. பாடம் வாசிக்கணும்."

பெயர் சொல்லவில்லை. புருஷன் மானம் இருக்கட்டும் என்றுதான். ஆனால் பார்வையற்றவர்களின் போன் எதையும் மனதோடு வைத்துக்கொள்ளாது; செய்வதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லும். இயர்போன் இணைப்பு போனதும் ஆண்கள் பக்கம் மூன்றாம் பெஞ்சிலிருந்து ஸ்பீக்கரில் முழங்கியது:

"புளூடூத் அணைக்கப்பட்டது."

ஆலயம் குலுங்கிச் சிரித்தது. போதகர் இருமி இருமிச் சிரிப்பை மறைத்தார். பெபிஷாவின் போன் ஒருமுறை அதிர்ந்தது. பாடத்தின் முதல் வரி அவள் விரலுக்கடியில் வந்து நின்றது. அவள் வாசித்தாள். எங்கே மறுபடி போய்விடுமோ என்ற பயத்தில் வேகவேகமாக, மூச்சுவிடாமல், கடைசி வரிவரை வாசித்தாள்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது எபின் செருப்பு போடுகிற இடத்தில் தலைகவிழ்ந்து நின்றிருந்தான்.

"போனு என்னமோ இணைஞ்சுதுன்னு சொல்லிச்சு. நான் இயர்போன்னுல்லா நெனச்சேன்," என்றான்.

"சவம், பேசாம நில்லுங்க. வீட்டுல வச்சு இருக்கு உங்களுக்கு."

அதற்குள் பூங்கனி வந்துவிட்டாள். இந்த முறை முதுகைத் தடவவில்லை.

"ஏட்டி பெபிஷா, என்ன வாசிப்பு வாசிச்ச? பஸ்ஸு பிடிக்கவா போற? பின்னால உள்ளவங்களுக்கு ஒண்ணும் விளங்கல. வருத வாரமும் உனக்குத்தான் பாடம். ஒழுங்கா நிறுத்தி வாசி, கேட்டியா?"

இரண்டு வருஷத்தில் அவள் வாசிப்பை யாரும் குறை சொன்னதில்லை. "சரிக்கா, நிறுத்தி வாசிக்கேன்," என்றாள் பெபிஷா. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.