துப்பறிவாளரின் தொலைபேசி இலக்கம்

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஒரு மர்ம நாவல் எழுதினேன். ரொறன்ரோவில் தமிழ்க் கடைகளின் வாசலில் வெள்ளிக்கிழமைகளில் இலவசமாகக் கிடக்கும் வாரப் பத்திரிகை ஒன்றில் அது தொடராக வந்தது. மரக்கறி வாங்க வருகிற சனம் வாசிக்க ஒன்று, மீன் வெட்டும்போது கீழே விரிக்க ஒன்று என்று அள்ளிக்கொண்டு போகும். அந்த வகையில் நானும் பரவலாக அறியப்பட்ட எழுத்தாளன்தான்.

கதை கனடாவின் வடக்கே, வீதிகள் முடிந்த பிறகு வருகிற ஒரு சின்னக் குடியிருப்பில் நடந்தது. ஏரி உறைந்தால்தான் அங்கே வாகனம் போகும். பெற்றோல் ஸ்டேஷனுக்கு மேலே அறை எடுத்து ஒரு தமிழர் தனியார் துப்பறிவாளராகத் தொழில் நடத்துகிறார். எங்கிருந்தோ வந்து சேர்ந்த ஒரு பெடியன் பனிக்காலத்தில் காணாமல் போகிறான், அவர் தேடுகிறார். அப்படியொரு இடத்தில் ஒரு தமிழன் துப்பறிந்து என்னத்தைச் சாப்பிடுவான் என்று ஒரு வாசகரும் கேட்கவில்லை. நான் ரொறன்ரோவைத் தாண்டி வடக்கே போனதே கிடையாது. அங்கே யார் வாழ்கிறார்கள் என்பதுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. ஸ்காபரோவில் இறைச்சிக் களஞ்சியம் ஒன்றின் பிரீசருக்குள் பெட்டி அடுக்குவது என் வேலை. மூக்குக்குள் மயிர் விறைக்கிற விதம், கையுறைக்குள் விரல் இன்னும் இருக்கிறதா என்று சந்தேகம் வருகிற நேரம், இவற்றை அங்கிருந்து எடுத்துத்தான் என் வடக்கைக் கட்டினேன். மிச்சத்தை ரீவி தந்தது.

முடிவையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தேன். பனிக்கட்டி உருகும் காலத்தில் பெடியனின் உடல் ஏரிக்கரையில் ஒதுங்கும். துப்பறிவாளர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பார். நல்ல முடிவு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அப்போது நாங்கள் மல்வேர்னில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தோம். எங்களுக்கு இரண்டு மாடி கீழே ஒரு அன்ரி தனியே இருந்தார். விடிய பஸ் பிடித்துத் தொழிற்சாலை வேலைக்குப் போய்வருவார். அவருடைய ஒரே மகனை காசு வாங்கி ஆட்களைக் களவாக எல்லை தாண்டவைக்கிற ஏஜென்சிக்காரன் ஒருவன் ரஷ்யப் பக்கத்தால் கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு புறப்பட்டிருந்தான். எல்லா இடமும் பனியாக இருக்கிறது, நாளைக்குக் காட்டுக்குள்ளால் நடக்க வேணுமாம் என்று மகனிடமிருந்து ஒரு தொலைபேசி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. ஏஜென்சிக்காரனும் ரெலிபோனை எடுப்பதை நிறுத்திவிட்டான். கட்டடம் முழுக்க இந்தக் கதை தெரியும். அன்ரி என் தொடரை வாசிக்கிறவர் என்பதுதான் எனக்குத் தெரியாது.

ஒருநாள் வேலையால் வந்து எலிவேற்றருக்குள் ஏறினால் அன்ரி நிற்கிறார்.

“தம்பி, உங்கடை கதையில வாற பெடியன் உயிரோட இருக்கிறானோ?”

“வாற கிழமை வாசியுங்கோ அன்ரி” என்று சிரித்தேன். எல்லாருக்கும் சொல்கிற பதில்தான்.

அன்ரி சிரிக்கவில்லை. “ஓம் இல்லையெண்டு மட்டும் சொல்லுங்கோ” என்றார். அவருடைய மாடி வந்து கதவு திறந்தும் இறங்காமல் நின்றார். நான் “ஓம்” என்று சொன்ன பிறகுதான் இறங்கினார்.

வீட்டுக்குள் வந்ததும் பத்திரிகை ஆசிரியருக்கு ரெலிபோன் எடுத்தேன். “சனம் பிணத்துக்குத்தான் காத்துக்கொண்டு நிக்குது, பழுதாக்காதையும்” என்று அவர் கத்தினார். நான் விடவில்லை. புதிய முடிவில், ஏரிக்கு அக்கரையில் இருந்த ஒரு கிழவனும் கிழவியும் பெடியனைத் தூக்கிக்கொண்டு போய்ச் சூப் பருக்கிக் காப்பாற்றியிருந்தார்கள், துப்பறிவாளர் பனிக்குள் தேடிப்போய் அவனை அங்கே கண்டுபிடித்தார். படுமோசமான முடிவு. நம்புகிற மாதிரி அதில் ஒரு வரியும் இல்லை. ஒரு தாயின் மனம் ஒரு கிழமைக்காவது ஆறட்டும் என்று நினைத்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

அந்த முடிவு அச்சில் வந்த வெள்ளிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அன்ரி எங்கள் கதவைத் தட்டினார். கோயிலுக்குப் போகிற மாதிரிச் சேலை கட்டியிருந்தார். கையில் ஒரு பை தோடம்பழம். உள்ளே வந்து உட்கார்ந்ததும் கைப்பையைத் திறந்து மகனின் படத்தை எடுத்து மேசையில் வைத்தார். பாஸ்போட்டுக்கு எடுத்த படம். மீசை இன்னும் சரியாக முளைக்காத முகம்.

“தம்பி, அந்த டிடெக்ரிவ்வின்ரை நம்பரை எனக்கு ஒருக்காத் தாருங்கோ.”

அப்படி ஒருவரும் இல்லை, அது வெறும் கதை, பேரும் நான் வைத்த பேர் என்று சொன்னேன்.

“பேர் மாத்தினது விளங்குது. இஞ்ச ஆர் தம்பி சொந்தப் பேரில வந்தது? நானும் வேற ஆற்றையோ பேரிலதான் பிளேனுக்கை இருந்தனான். நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். அவர் பனிக்குள்ள தேடிக் கண்டுபிடிச்ச மனுசன். ரஷ்யாவிலயும் உதே பனிதானே.”

அந்தக் கட்டடத்தில் பாதிப்பேர் இரவல் பேரில் கடல் தாண்டி வந்தவர்கள். எங்கள் ஆட்களைப் பொறுத்தவரை, மாற்றிய பேர் ஒன்று இருந்தால் அதற்குப் பின்னால் கட்டாயம் ஒரு ஆள் இருக்கும். அப்படியொரு ஆள் இல்லையென்று நான் அவருக்கு எப்படிக் காட்டுவது?

“அந்தக் குளிர், பார்க்காத ஆள் எழுதிற குளிர் இல்லை” என்றும் சொன்னார். என் எழுத்துக்குக் கிடைத்த ஆகப் பெரிய பாராட்டு அதுதான். அதைக் கேட்ட அந்த நிமிடம் என் நாவலை நான் வெறுத்தேன்.

“அது இறைச்சி பிரீசர் அன்ரி. நான் வேலை செய்யிற இடம். வடக்கை நான் போனதேயில்லை. எல்லாம் என்ரை புழுகு.”

அன்ரி நாலு பேச்சுப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். படத்தைக் கையில் எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

“முதலும் உப்பிடித்தான் முடிச்சு வைச்சிருந்தனீங்களோ? இல்லாட்டி நான் கேட்டாப்போல மாத்தினதோ?”

“நீங்கள் கேட்டாப்போலதான்.”

“முதல் என்னெண்டு எழுதினனீங்கள்?”

“பெடியன் செத்துப்போனான் அன்ரி. ஏரியடியில, குளிரில.”

“குளிரில சாகேக்கை நோகுமோ தம்பி?”

“இல்லை அன்ரி. கடைசியில நித்திரை வாற மாதிரித்தானாம். புத்தகத்தில வாசிச்சனான்.”

“அது உண்மையான புத்தகமோ, உங்கடை மாதிரியோ?”

“உண்மையான புத்தகம்” என்றேன்.

அன்ரி தலையாட்டினார். படத்தைக் கைப்பைக்குள் வைத்து மூடினார். அதற்குப் பிறகுதான் அழத் தொடங்கினார்.