நெட்டில் தானாக வந்த பேப்பர்

சனிக்கிழமை விடிந்தால் திருப்பூரில் எல்லோருக்கும் வாரச் சம்பளக் கவலை. எனக்குக் கடிதக் கவலை. நூல் விலை ஏறியதா, டாலர் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் எப்போது கரண்ட் போகும் என்று வாரம் முழுக்கப் போனில் விசாரித்து, இரண்டு பக்கம் தமிழில் தட்டி, பனியன் கம்பெனிகளுக்கு மெயிலில் அனுப்புவேன். அந்தக் காலத்தில் மெயிலில் தமிழ் எழுத்து எதிர்முனையில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அதனால் பக்கத்தை அப்படியே பிடிஎஃப் ஆக்கி இணைத்துவிடுவேன். எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்து, குழந்தை பிறந்ததும் வீட்டோடு உட்கார்ந்தவள் நான். அந்தக் கடிதம் மட்டும் இல்லையென்றால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். பல வருஷம், காய்ச்சலில் படுத்தபோதுகூட நிறுத்தாமல் அனுப்பினேன். யாரிடமும் காசு வாங்கவில்லை.

யாரும் பதிலும் போட்டதில்லை. முதலாளிகளுக்கு ஏது நேரம், படிக்கிறார்களே அது போதாதா என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். படிக்கிறார்கள் என்பது மட்டும் நிச்சயம். என் கணவர் சின்னதாகத் தையல் யூனிட் வைத்திருந்தார். டீக்கடையில் என் கடிதத்தில் வந்த விலையை வைத்துத்தான் பேசிக்கொள்கிறார்கள் என்று வந்து சொல்வார். அந்தப் பேச்சு நடக்கும் இடங்களுக்குப் பெண்பிள்ளை நான் எங்கே போவது?

பிறகு எனக்கு ஆசை வந்தது. ஒரு கம்பெனியில் ஆர்டர் குவிந்து கிடக்கும்; பக்கத்துத் தெருவில் மெஷின் சும்மா நிற்கும். இரண்டு பேரையும் சேர்த்து வைக்க ஒரு வெப்சைட். அதிலேயே நூல் விலையும் வரும். விளம்பரம் வரும், எனக்கென்று ஒரு ஆபீஸ் வரும், மறுபடியும் காலையில் சேலை மாற்றிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவேன். மாடி கட்ட வைத்திருந்த பணத்தை எடுத்துக் கோயமுத்தூரில் ஒருவரிடம் கொடுத்து சைட்டைச் செய்ய வைத்தேன்.

"மெயிலும் அதும்பாட்டுக்குப் போயிட்டிருக்கட்டுமே புள்ள. எதுக்கு நிறுத்தற?" என்றார் கணவர்.

"வாசல்லயே சோத்தக் கொண்டுபோய்க் குடுத்தா, ஊட்டுக்குள்ள எவனுங்க வருவான்?" என்றேன். எவ்வளவு புத்திசாலித்தனம் பாருங்கள்.

கடைசிக் கடிதத்தை அழுதுகொண்டேதான் எழுதினேன். இத்தனை காலம் படித்ததற்கு நன்றி, இனி இங்கே வாருங்கள் என்று கீழே சைட்டின் முகவரியைக் கோடு போட்டுக் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் அதைத் தட்டினால் போதும், சைட் திறந்துகொள்ளும். காத்திருந்தேன். கிணற்றில் போட்ட கல். சைட்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்க்கவே நான் மணிக்கொரு தரம் போவேன். அந்த எண்ணிக்கையில் பாதி நானாகத்தான் இருக்கும். வாரங்கள் மாதங்களாயின. நன்றி கெட்ட ஊர் என்று வாய்விட்டே திட்டினேன். மாடியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

அந்த நிலைமையில்தான் வெள்ளகோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். சாப்பிட்டு முடித்து மண்டபத்தில் உட்கார்ந்திருந்தபோது, என் கணவருக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஊத்துக்குளி ரோட்டில் பெரிய கம்பெனி வைத்திருப்பவர். பேச்சு நூல் விலைக்கு வந்தது.

"முந்தியெல்லாம் சனிக்கிழமையானா டேபிள் மேல ஒரு பேப்பர் இருக்குமுங்க. சம்பளம் போடறதுக்கு முன்னால அதைப் படிச்சுட்டுத்தான் மறுவேலை. கம்ப்யூட்டர்ல இருந்த புள்ள எடுத்து வெக்கும். அதுக்குக் கல்யாணமாயிப் போயிருச்சுங்க, அதோட பேப்பரும் நின்னு போச்சு. புதுசா வந்த புள்ளைக்கு அதை எடுக்கத் தெரியலீங்க. திட்டிக்கூடப் பார்த்தேன்."

நான் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக்கொண்டேன். "கடைசியா வந்ததுல வெப்சைட் பேர் ஒண்ணு போட்டிருந்ததுங்களே?" என்று கேட்டேன்.

"அடியில கோடு போட்டு இங்கிலீஷ்ல என்னமோ இருந்துச்சுங்க அம்மிணி. விலையைப் பார்த்ததோட சரி, மத்ததெல்லாம் நான் படிக்கலீங்க. நான் எங்கீங்க கம்ப்யூட்டரத் தொட்டேன்?"

"அதை யாரு எழுதறாங்கன்னு தெரியுங்களா?"

அவர் சிரித்தார். "எழுதறதா? அது நெட்டுல தானா வர்றதுங்க. யாரு உக்காந்து எழுதப் போறாங்க?" பிறகு சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். "இப்ப நூல் ஏஜென்ட்டே செல்லுல மெசேஜ் அனுப்பிடறாருங்க. பேப்பர் இல்லாமயே ஓடுது."

என் கணவர் வாயைத் திறக்கப் போனார். நான் அவர் முழங்கையைப் பிடித்து அழுத்தினேன். சொல்லி என்ன ஆகப்போகிறது?

காங்கேயம் தாண்டும்வரை பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். என் கடிதத்தைப் படித்தவர்கள் கம்ப்யூட்டரைத் தொடாதவர்கள். தொட்டவர்கள் அதைப் படிக்காதவர்கள். காகிதத்தில் அச்சான முகவரியை விரலால் அழுத்தினால் என்ன திறக்கும்?

அந்தச் சனிக்கிழமை மறுபடியும் எழுதினேன். இனி மீண்டும் வாராவாரம் கடிதம் வரும் என்று பழைய முகவரிகள் எல்லாவற்றுக்கும் அனுப்பினேன். கொத்துக் கொத்தாகத் திரும்பி வந்தது. அப்போதுதான் அந்த முகவரிகளை நிதானமாகப் பார்த்தேன். பாதிக்கு மேல் கம்பெனியின் முகவரியே இல்லை. ஆபீஸில் இருந்த பெண்கள் தங்கள் பெயரில் இலவசமாகத் திறந்து வைத்துக்கொண்டவை. அவர்கள் ஒவ்வொருவராகக் கல்யாணமாகிப் போய்விட்டார்கள்; திறப்பாரில்லாத முகவரிகள் மூடிப்போய்விட்டன.

திரும்பி வராதவற்றில் ஒன்றிலிருந்து மட்டும், பத்து நாள் கழித்து, பதில் வந்தது. அத்தனை வருஷத்தில் எனக்கு வந்த முதல் பதில். உடனே திறந்தேன்.

"மேடம், நான் வேலைய விட்டுட்டேனுங்க. கல்யாணமாயிருச்சு. பிரௌசிங் சென்டருக்கு வந்தப்பத்தான் பார்த்தேன். உங்க பேப்பரை நான் படிச்சதில்லீங்க, பிரிண்ட் மட்டும் எடுத்துக் குடுப்பேன். இனிமே எனக்கு அனுப்ப வேண்டாமுங்க."

அவள் கேட்டபடியே அந்த முகவரியை நீக்கினேன். அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல விடியுமுன்னே விழிப்பு வந்துவிட்டது. கம்ப்யூட்டர் பக்கம் போகாமல், எழுந்து அடுப்படிக்குப் போய்ப் பருப்பை வேகவைத்தேன்.