இடது கண்ணில் ஒரு துகள்

ஜனவரி 9 – 31
ஜனவரி 16 – 26
ஜனவரி 23 – 14
ஜனவரி 30 – 33

என் தங்கை கணவர் அந்தந்த நாளில் பிடித்த சிகரெட்டுகள் இவை. லேத் பட்டறையில் அவர் கடைசல்காரர். நான் அங்கே நேரக் கணக்கர்; விபத்துப் பதிவேடும் என் பொறுப்பு. பட்டறையில் அவருக்கு ரயில் என்று பெயர்.

டிசம்பரில் அவருடைய இடது கால்விரல் இரண்டு கறுத்தன. புகையை விடாவிட்டால் முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டும் என்றார் மருத்துவர். தானாக விட்டுப்பார்த்து மூன்று முறை தோற்றவர் அவர். அப்போது ஓர் ஆய்வுக்கூடம் புகைப்பவர்களைத் தேடியது. நிகோடின் மூளைப் பகுதிகளுக்கு இடையிலான தொடர்பை எப்படி மாற்றுகிறது என்று பார்க்க, புகைத்தபின் ஒருமுறை, பன்னிரண்டு மணி நேரம் புகைக்காமல் ஒருமுறை, எம்.ஆர்.ஐ. காந்த எந்திரத்தில் படம் எடுப்பார்கள். முடித்தவர்களுக்குப் பழக்கத்தை விடுவதற்கு ஆறு மாத சிகிச்சை உண்டு.

படிவத்தை நான்தான் நிரப்பினேன். பதினேழாம் கேள்வி: கண்ணில் உலோகத் துகள் விழுந்ததுண்டா?

"இல்லைன்னு போடுங்க மச்சான். லேத்துல தெறிச்ச அன்னைக்கே துணி முனையால எடுத்தாச்சே."

"பதிவேட்டுல இருக்கு மாப்பிள்ளை. என் கையெழுத்து."

"என் சிகரெட்டை எண்ணுறது போதாதுன்னு கண்ணையும் எண்ணணுமா?"

"எதையாவது எழுதித் தொலைங்க ரெண்டு பேரும்," என்றாள் தங்கை. "கால் காத்துக்கிட்டு இருக்காது."

'ஆம்' என்று எழுதி, தேதியும் போட்டேன். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள். நம்பிக்கையோடு போனார், அந்த நாள் கணக்குதான் பதினான்கு. துகள் அங்கேயே இருந்தது.

"காந்தத்துக்குள்ள போனா கண்ணு போயிடும் சார்," என்றாள் ஆய்வுக்கூடத்துப் பெண், தொலைபேசியில். ஆய்வில் இல்லாதவருக்குச் சிகிச்சையும் இல்லை.

பழைய விபத்துப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். 'துகள் எடுக்கப்பட்டது' என்றிருந்தது. பக்கத்து லேத்காரர் சொன்னதைக் கேட்டு எழுதியது. நான் பார்க்கவில்லை. 'தெரியவில்லை' என்று எழுதியிருந்தால், அன்றே கண் மருத்துவமனைக்கு அனுப்பியிருப்பார்கள்.

அவரிடம் சொன்னேன்.

"சரி விடுங்க. கண்ணு மிஞ்சுச்சே. கால் போறதை நல்லாப் பாக்கலாம்."

ஏப்ரல் 11 அன்று இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். வீடு திரும்பிய நாளில் மருத்துவமனை வாசலைத் தாண்டியதும் தீப்பெட்டி கேட்டார். கொடுத்தேன். தங்கை அந்தப் பக்கம் திரும்பி நின்றாள்.

வலது பெருவிரல் நகம் கறுக்கத் தொடங்கியபின் ஆய்வுக்கூடம் ஒரு கடிதம் அனுப்பியது: விலக்கப்பட்டவர்களுக்கும் இனி சிகிச்சை உண்டு, மாடியில் இரண்டாம் தளத்துக்கு நேரில் வரவும். அவர் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"தேதி போட்டு வச்சுக்குங்க மச்சான்."

கடிதத்தின் ஓரத்தில் எழுதினேன். வந்த நாள்: ஜூன் 2.