சின்னப் பாத்திரத்தில் விழுந்த உப்பு

அந்தத் தையல் தொழிற்சாலையின் கேன்டீனில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் யாருமில்லை. எல்லோருக்கும் அவள் பெரியக்கா. வயதைப் பார்த்து வைத்த பெயரா, உடம்பைப் பார்த்து வைத்த பெயரா என்று புதிதாய்ச் சேர்ந்தவர்கள் கிசுகிசுத்தால், "ரெண்டுக்கும் சேர்த்துதான், தட்டை நீட்டு" என்று அவளே சிரித்தபடி ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றுவாள்.

அவள் சமையலில் ஒரு பழக்கம் உண்டு. எந்த அண்டாவாக இருந்தாலும், இறக்குவதற்கு முன் கரண்டியால் ஒரு சொட்டு எடுத்து இடது உள்ளங்கையில் விட்டு, நாக்கில் வைத்துப் பார்ப்பாள். தலையசைத்தால் சமையல் முடிந்தது. அந்தத் தலையசைப்பு ஒருநாளும் தவறியதில்லை.

தன் உடம்பைப் பற்றி அவள் வெட்கப்பட்டதும் இல்லை, ஆஸ்பத்திரியில் எடை இயந்திரத்தின் மேல் ஏறி நிற்கும்வரை.

அவளுடைய தம்பி லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்த பிறகு, அக்கா வீட்டு முன்னறைக் கட்டிலே அவனுக்கு உலகமாகிவிட்டது. வாரத்தில் சில நாள் ஆஸ்பத்திரிக்குப் போய், கையில் குழாய் செருகிப் படுத்திருப்பான். இயந்திரம் அவன் ரத்தத்தைச் சுத்தம் செய்து திருப்பித் தரும். எத்தனை காலம் இப்படி? வேறொருவரின் சிறுநீரகம் கிடைத்தால்தான் விடிவு. கணவனை இழந்து, ஒரே மகளோடு வாழ்ந்துவந்த அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"என்னோடது ஒண்ணை எடுத்துக்கோங்க டாக்டர்."

பரிசோதனைகள் முடிந்து டாக்டர் அவளை உட்காரவைத்துப் பேசினார். "எல்லாம் பொருந்தியிருக்கும்மா. உங்க எடைதான் இடிக்குது. இந்த எடையில ஆபரேஷன் பண்ணினா உங்களுக்கு ஆபத்து. அப்புறம் ஒத்தைச் சிறுநீரகத்தோட நீங்களும் நல்லா இருக்கணும் இல்லையா? அளவா சாப்பிட்டு, தினமும் நடந்து, நிதானமா குறைச்சுக்கிட்டு வாங்க. அப்புறம் பார்ப்போம்."

நிதானமாக என்ற சொல்லை மட்டும் அவள் காதில் வாங்கவில்லை. எப்படி வாங்குவாள்? வீட்டுக்கு வந்தபோது தம்பி செருப்புக்குள் வீங்கிய காலை நுழைக்க முடியாமல் போராடிக்கொண்டிருந்தான். அந்தக் காலைப் பார்த்தவளுக்கு நிதானம் எங்கிருந்து வரும்?

கேன்டீன் சமையலில் அவளுக்கு உதவியாக இருந்த வாயாடிதான் மறுநாள் செல்போனை நீட்டினாள். ஓயாமல் பேசுவதால் கேன்டீனே அவளுக்கு வைத்த பெயர் அது.

"இங்க பாருங்க பெரியக்கா, இந்தப் பொம்பளை வெறும் தண்ணியக் குடிச்சே பாதியா ஆயிட்டா! முன்னாடி போட்ட சட்டைக்குள்ள இப்ப இவளோட இன்னொருத்தியும் நுழையலாம்."

வாயாடிக்கு அது வேடிக்கை. பெரியக்காவுக்கோ அது கடவுளே அனுப்பிய வழியாகத் தெரிந்தது.

அன்றே சாப்பாட்டை நிறுத்தினாள். கேன்டீனில், "வீட்லயே சாப்பிட்டுட்டேன்" என்றாள். வீட்டில், "கேன்டீன்ல சாப்பிட்டாச்சு" என்றாள். ஊருக்கே சோறு போடுகிறவள் பட்டினி கிடப்பாள் என்று யாருக்குச் சந்தேகம் வரும்?

தொடக்கத்தில் பசி அவளைப் பிய்த்துத் தின்றது. வெங்காயம் வதங்கும் வாசனையில் கண்ணீரே வந்தது. புகை என்று சமாளித்தாள். பிறகு பசி மெல்ல அடங்கியது. அடங்கிய இடத்தில் தலைசுற்றலும் கைநடுக்கமும் வந்து உட்கார்ந்துகொண்டன. ஒரு சொட்டு நாக்கில் பட்டாலும் அடங்கிய பசி எழுந்துவிடும் என்ற பயத்தில், உள்ளங்கையில் விட்டு ருசி பார்ப்பதையும் விட்டாள்.

"உப்பு பாரு" என்று கரண்டியை வாயாடியிடம் நீட்டினாள்.

"என்ன பெரியக்கா, உங்க நாக்குக்கு லீவு குடுத்துட்டீங்களா?"

"சளி பிடிச்சிருக்குடி. வாயை மூடிட்டுச் சொல்லு."

"வாயை மூடிட்டு எப்படிச் சொல்றது?"

கேன்டீனே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரிக்கும்போது கண்ணுக்குள் கறுப்பாகப் பூச்சி பறந்தது.

வீட்டில் நடந்ததுதான் பெருங்கொடுமை. தம்பிக்குத் தண்ணீர் அளவோடுதான். காலையில் ஒரு சின்னப் பாட்டிலை நிரப்பி வைப்பாள். அன்றைய தாகம் முழுவதும் அதற்குள் அடங்க வேண்டும். முடியாதபோது ஒரு ஐஸ் கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு, அது கரையும்வரை கண்ணை மூடிக் கிடப்பான். அக்காவோ தண்ணீரைத் தவிர வேறெதுவும் தொடுவதில்லை. ஒரே கூரையின் கீழ் ஒருவன் தண்ணீருக்கு ஏங்கினான். ஒருத்தி தண்ணீரிலேயே உயிரைப் பிடித்து வைத்திருந்தாள். அவன் எதிரில் குடிக்க மனம் வராமல், அவள் சமையலறைக்குள் திரும்பி நின்று குடிப்பாள்.

"அக்கா, இங்கயே வந்து குடி" என்று ஒருநாள் அவன் குரல் கொடுத்தான். "நீ குடிக்கிற சத்தத்துல எனக்கும் தொண்டை நனையுது."

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

"உனக்குக் கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சே அக்கா. உடம்புக்கு என்ன?"

"வேலை ஜாஸ்திடா. நீ உன் உடம்பைப் பாரு."

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. சனிக்கிழமையும் ஞாயிறும் அவனுக்குச் சிகிச்சை கிடையாது. வாரத்தில் அவன் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய நாட்கள் அவை. அடுப்பில் வழக்கம்போல இரண்டு பாத்திரங்கள். பெரியது மகளுக்கு. சின்னது தம்பிக்கு. அவனுக்கான காய்களை முதலில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, மறுபடி வேறு நீரில் சமைப்பாள். அதில் ஒரு கல் உப்புகூடச் சேராது. உப்பு சேர்ந்தால் தாகம் வரும். தாகம் வந்தால் தண்ணீர். குடித்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நெஞ்சில் போய் நிற்கும். இதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

உப்பை அள்ளினாள். அடுப்பு ஒருமுறை சுழன்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் தெளிந்தபோது கையில் உப்பு இல்லை. போட்டாகிவிட்டது. எந்தப் பாத்திரத்தில் என்ற கேள்வியே அவளுக்குத் தோன்றவில்லை. பழகிய கை பழகிய இடத்தில்தான் போட்டிருக்கும்! ஒரே ஒரு சொட்டு, உள்ளங்கையில் ஒரே ஒரு சொட்டு விட்டுப் பார்த்திருந்தால் போதும். அவள் பார்க்கவில்லை. அந்தக் கை சின்னப் பாத்திரத்தின் மேல்தான் விரிந்திருந்தது.

மேசையில் மகள் முகத்தைச் சுளித்தாள். "அம்மா, இதுல உப்பே இல்லம்மா!"

"மறந்துட்டேன் போல. நீயே போட்டுக்கோ."

எதிரில் தம்பி முதல் கவளத்தை வாயில் வைத்தான். மெல்லுவதை நிறுத்தினான். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். அவள் சுவரில் சாய்ந்து கண்களை மூடியிருந்தாள். அவன் ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்து, தட்டில் ஒரு பருக்கைகூட மிச்சமில்லாமல் சாப்பிட்டான். சாயங்காலம் தானே சமையலறைக்குப் போய்ச் சின்னப் பாத்திரத்தை வழித்தெடுத்தும் சாப்பிட்டான்.

விடிந்தபோது அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, தண்ணீரில் மூழ்குகிறவனைப் போல மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தான். முகம் ஊதியிருந்தது. காலையில் நிரப்புவதற்காக வைத்திருந்த சின்னப் பாட்டில் அப்படியே கிடக்க, சமையலறைக் குடம் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே தள்ளிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் வெளியே வந்து கேட்டார். "நேத்து உப்பா ஏதாவது சாப்பிட்டாரா?"

"இல்லவே இல்ல டாக்டர். அவன் பாத்திரத்துல நான் உப்பே போடமாட்டேன். என் உயிரு அவன்."

மகள் மெல்ல அவள் கையைப் பிடித்தாள். "அம்மா, நேத்து நம்ம பாத்திரத்துலதான் உப்பே இல்ல."

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் பெரியக்காவின் உள்ளே எதுவோ அறுந்தது. தன் வலது கையை ஒருமுறை பார்த்தாள். அடுத்த நொடி, ஊரே பெரியக்கா என்று அழைத்த அந்த உடம்பு ஆஸ்பத்திரித் தரையில் சரிந்தது.

கண் திறந்தபோது அவளும் ஒரு கட்டிலில் கிடந்தாள். பக்கத்தில் டாக்டர்.

"தம்பி?"

"பிழைச்சுட்டார். மெஷின்ல இருக்கார். நீங்க சொல்லுங்க. சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு?"

மகள் விம்மினாள்.

"வெறும் தண்ணியில இருந்திருக்கீங்க. அவர் உடம்புல உப்பு ஏறிப்போச்சு. உங்க உடம்புல உப்பே இல்லாம வடிஞ்சுபோச்சு. எந்தச் சிறுநீரகத்தைக் குடுக்க வந்தீங்களோ, அதையே வாட்டி வச்சிருக்கீங்கம்மா."

"எடை குறைஞ்சிருக்கா டாக்டர்?"

"குறைஞ்சிருக்கு. இதை வச்சு நான் கத்தியைத் தொட மாட்டேன். முதல்ல உங்க உடம்பு தேறட்டும். சாப்பாட்டையும் ஒரேயடியா ஆரம்பிக்கக் கூடாது, அதுவும் ஆபத்து. இங்கயே இருந்து கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடணும். அப்புறம் எல்லாப் பரிசோதனையும் மறுபடி முதல்ல இருந்து."

சீக்கிரம் கொடுக்கத் துடித்தவள், தன் கையாலேயே அதைத் தள்ளிப்போட்டுவிட்டாள்.

மாலையில் சக்கர நாற்காலியில் தம்பியிடம் அழைத்துப்போனார்கள். அவன் கையில் இன்னும் குழாய் இருந்தது.

"உன்னைக் கொல்லப் பார்த்தேனேடா!"

"உளறாதே அக்கா. உப்புன்னு தெரிஞ்சுதான் சாப்பிட்டேன்."

"தெரிஞ்சா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ வேணும்னேதான் போட்டியோன்னு நெனச்சேன். பாவம், இவனும் ஒருநாள் மனுஷன் மாதிரி சாப்பிடட்டும்னு போட்டிருப்பியோன்னு. சொன்னா பிடுங்கிடுவியேன்னு பயம். அவ்வளவு நல்லா இருந்துச்சு அக்கா." அவன் உதட்டை நாக்கால் தடவிக்கொண்டான். "நீ எனக்காகப் பட்டினி கிடக்கறது தெரிஞ்சிருந்தா, ஒரு கவளம் இறங்கியிருக்குமா?"

அக்கா அவன் நெற்றியில் கை வைத்தாள். அவன் அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டான். இயந்திரம் மட்டும் சுழன்றுகொண்டிருந்தது.

வீடு திரும்பிய பிறகு அடுப்பில் ஒரே ஒரு பாத்திரம்தான் ஏறியது. உப்புக் கிண்ணம் மகளின் தட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. தம்பிக்கு என்னவோ அதுவே அக்காவுக்கும், அளவாக, அவனுக்கு எதிரில் உட்கார்ந்து. சாயங்காலம் இருவரும் தெருக்கோடிவரை நடந்து திரும்பினார்கள். கேன்டீனில் வாயாடி ஒருநாள் தண்ணீர் குடித்தே இளைத்த அந்தப் பெண்ணின் படத்தைத் தன் செல்போனிலிருந்து அழித்துவிட்டு, பெரியக்காவின் தோளில் முகம் புதைத்து அழுதாள்.

எடை இறங்குகிறது. மிக மெதுவாக இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் நர்ஸ் முள்ளைப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம்மா" என்கிறாள். தம்பியின் கால் சில நாள் வீங்குகிறது, சில நாள் வற்றுகிறது. அந்தக் காலைப் பார்க்கும்போதெல்லாம் தட்டைத் தள்ளிவிடலாமா என்று அவள் கை தவிக்கத்தான் செய்கிறது.

நேற்றும் தவித்தது. அவன் கவனித்துவிட்டான்.

"சாப்பிடு அக்கா" என்றான். "நீ மெதுவாவே வா. அதுவரைக்கும் நான் எங்கயும் போயிட மாட்டேன்."

அவள் எழுந்து அடுப்பருகே போனாள். கரண்டியால் ஒரு சொட்டு எடுத்து, இடது உள்ளங்கையில் விட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

உப்பில்லை. தலையசைத்துவிட்டு, இருவர் தட்டிலும் பரிமாறினாள்.