பச்சைப் புள்ளிக்குள் இருந்த அதிகாரி

அரசாங்கம் கொடுத்த டேப்லெட்டின், சுருக்கமாக டேப்பின், மேல் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். அதற்குள் ஓர் அதிகாரி உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நான் நம்பினேன். சிரிக்காதீர்கள். நான் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறவன். பூசணிக்காயைச் சுற்றிக் காட்டி, நகருவது சூரியன் இல்லை, பூமிதான் என்று அடித்துப் பேசுகிறவன். தலை பாதி நரைத்துவிட்டது. இருந்தும் நம்பினேன்.

பயிற்சிக்குக் கோவில்பட்டியில் எங்களை உட்கார வைத்திருந்தார்கள். பயிற்றுநர் என்னைவிட வயதில் இளையவர். "இனிமே நீங்க செய்யுதது எல்லாம் உடனுக்குடன மேல தெரியும், அண்ணாச்சி" என்றார். அவர் சொன்னது பிள்ளைகளின் வருகைப் பதிவை. நான் புரிந்துகொண்டது என் கொட்டாவி, என் முதுகுச் சொறிதல், மத்தியானம் நாற்காலியிலேயே போடும் குட்டித் தூக்கம் எல்லாவற்றையும். ரெண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூடத்தில் டேப்பைத் திறந்தால் மூலையில் புள்ளி. சரிதான், ஐயா வந்து உட்கார்ந்துவிட்டார் என்று சட்டையின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டேன்.

என் பள்ளிக்கூடம் நாகலாபுரம் பாதையில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஐந்து வகுப்பு, இரண்டு வாத்தியார். அது கணக்குக்கு. இன்னொருவர் பணி ஓய்வு பெற்று மாலை போட்டுக்கொண்டு போன பிறகு அவர் நாற்காலி மட்டும் இருக்கிறது. அதன்மேல் நான் ஹெல்மெட் வைப்பேன். ஊர்ப் பெண்கள் விடியுமுன்பே வேன் ஏறித் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கப் போய்விடுவார்கள். ஆண்கள் புஞ்சையிலோ, ஆட்டுக்குப் பின்னாலோ. பெரியவர்களோடு நான் பேசுவது என்றால் அது சத்துணவு சமைக்கும் அக்காவோடு மட்டும்தான். அதுவும் அடுப்பை மூட்டும்வரை.

ஆகவே அந்த டேப்பை நான் குறை சொல்ல மாட்டேன். உண்மையிலேயே உபயோகமான சாமான். வருகைப் பதிவுச் செயலிக்குச் சிக்னல் வேண்டும். எங்கள் ஊரில் போன் பேசலாம், ஆனால் நெட் சிக்னல் அடிபம்பு மேடையில் மட்டும்தான் கிடைக்கும். காலையில் மேடையில் ஏறி, டேப்பைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். சிக்னல் இல்லாவிட்டால் செயலியே பதிவைப் பிடித்து வைத்திருந்து பிறகு அனுப்பிவிடும் என்பது எனக்குத் தெரிய ரொம்ப நாள் ஆயிற்று. பயிற்சித்தாளைப் படம் எடுத்தால் கோணலை நிமிர்த்தி, எண்ணெய்க் கறையை வெளுத்துத் தரும் செயலி ஒன்று. முட்டை நாள், குடற்புழு மாத்திரை நாள், என் கல்யாண நாள் எல்லாவற்றையும் ஞாபகப்படுத்தும் நாட்காட்டி ஒன்று. எல்லாவற்றையும்விடப் பெரிய உபகாரம் அந்த மணிச் செயலி. மூன்றாம் வகுப்பு எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு மணி அடித்து, போ, ஐந்தாம் வகுப்பைப் பார் என்று என்னை விரட்டும். ஐந்து வகுப்பையும் ஓர் ஆள் மேய்ப்பதற்கு அதுதான் எனக்குக் கம்பு.

பயிற்சிக்கு மறுநாளே இன்னொன்றும் போட்டிருந்தேன், சத்தத்தை அளக்கிற செயலி. வகுப்பு அமைதியாக இருந்தால் ஒரு மஞ்சள் முகம் சிரிக்கும். கூச்சல் கூடினால் சிவந்து முறைக்கும். பிள்ளைகளுக்குக் காட்டினேன். முகத்தைச் சிவக்க வைப்பது யார் என்று அவர்களுக்குள் போட்டி வந்துவிட்டது. அன்றைக்கு எழுந்த சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கையெல்லாம் பறந்துபோயிற்று. நடுப்பொத்தானை அமுக்கி அதை மூடினேன். மூடிவிட்டேன் என்று நினைத்தேன்.

புள்ளிக்குள் இருக்கும் ஐயாவுக்காக நான் திருந்தினேன். மேசைமேல் டேப்பை நிமிர்த்தி வைத்து, காலையில் அதற்கு ஒரு வணக்கம். பிறகு புத்தகத் தமிழில் ஆரம்பித்தேன். "குழந்தைகளே, இன்று நாம் தாவரத்தின் பாகங்களைக் காண்போமா?" நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "சார், ஒங்களுக்கு மேலுக்குச் சொகமில்லயா?" என்று கேட்டாள்.

சமையல் அக்கா வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருட்ட சாரு வணக்கம் சொல்லுதீய?"

"மேலிடத்துக்கு."

அக்கா அண்ணாந்து பார்த்தாள். "மேல ஓடுதான் இருக்கு. அதுவும் ரெண்டு ஒடைஞ்சு கெடக்கு. மேலிடத்துட்ட அதையும் ஒரு வார்த்த சொல்லுங்க."

சொன்னேன். புள்ளியைப் பார்த்து, ஓடு மாற்றித் தர வேண்டுகிறேன் என்று பணிவோடு சொன்னேன். பதில் இல்லை. அதிகாரி என்றால் அப்படித்தான் என்று இன்னும் உறுதியாக நம்பினேன்.

என் மனைவியும் ஆசிரியைதான். ஓசூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் இருக்கிறாள். மகளும் அவளோடு அங்கேதான் படிக்கிறாள். நான் கோவில்பட்டியில் ஒரு மாடி அறையில். ஒவ்வொரு வருஷமும் இடமாறுதல் கலந்தாய்வு வரும். கணவன், மனைவி முன்னுரிமை என்று விண்ணப்பிப்பேன். என் முறை வருவதற்குள் அந்தப் பக்கத்து இடமெல்லாம் முடிந்திருக்கும். இந்த வருஷம் அவள் பள்ளிக்கு நாலு ஊர் தள்ளி ஓர் இடம் காலியாகிறது என்று அவளே விசாரித்துச் சொன்னாள். எங்கள் வீட்டில் ரொம்ப நாளைக்குப் பிறகு, அடுத்த பொங்கலுக்கு யார் எந்த ஊருக்குப் போவது என்ற கேள்வி எழவில்லை.

அறைக்குத் திரும்பியதும் டேப்பைச் சொம்பில் சாய்த்து வைத்துவிட்டுச் சாப்பிடுவது வழக்கமாயிற்று. பொட்டலத்தைப் பிரித்ததும், "சாப்பிடலாமா சார்?" என்று ஒரு வார்த்தை கேட்பேன். பயத்தில்தான் ஆரம்பித்தது. நாலைந்து நாளில் பயம் போய், கேட்பது மட்டும் மிஞ்சியது. இன்றைக்கு ரெண்டாம் வகுப்புப் பயல் 'ண' எழுதிவிட்டான் சார் என்பேன். வழியில் காற்று பைக்கையே தள்ளுகிறது சார் என்பேன். ஆனி மாதக் காற்றுக்கு எங்கள் பக்கத்தில் புழுதியெல்லாம் கறுப்பாகப் பறக்கும். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துச் சட்டை நுனி கறுத்திருக்கும். அதையும் புள்ளிக்குக் காட்டினேன். பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்கிறார் என்றால் மனிதன் ஒழுங்காகச் சாப்பிடுகிறான். நான் சாப்பிட்டேன்.

கலந்தாய்வுக்கு முந்தைய வாரம் அந்தக் கூத்து நடந்தது. பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மனைவியோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். வட்டாரக் கல்வி அலுவலர் போன வருஷம் பள்ளிக்கு வந்ததைப் பற்றிப் பேச்சு வந்தது. எனக்கு வாய் சும்மா இருக்காது. அவர் ஜீப்பை விட்டு இறங்குவது, பெல்ட்டை மேலே இழுப்பது, பிள்ளையிடம் வாய்ப்பாடு கேட்டுவிட்டு அவரே தப்பாகச் சொல்வது எல்லாவற்றையும் அவர் குரலிலேயே நடித்துக் காட்டினேன். அவள் அந்தப் பக்கம் மூச்சுமுட்டச் சிரித்தாள். நான் திரும்பினேன். மேசைமேல் பச்சைப் புள்ளி.

போனைச் சட்டென்று அணைத்தேன். "சும்மா, ஒரு பேச்சுக்கு" என்று புள்ளியைப் பார்த்துச் சொன்னேன். "ஐயா மேல எனக்கு ரொம்ப மரியாத."

மறுநாள் காலையில் வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து போன். "சார், டேப்ப எடுத்துக்கிட்டு சாயங்காலம் ஆபீஸ் வந்துருங்க."

"வேற எதுவும் கொண்டாரணுமா?"

"வேற ஒண்ணும் வேண்டாம். டேப் மட்டும் போதும்."

டேப் மட்டும் போதுமாம். சாட்சி மட்டும் போதும் என்றல்லவா இதற்கு அர்த்தம்? அன்றைக்கு மணிச் செயலி அடித்ததும், அடித்து ஓய்ந்ததும் எனக்குக் காதில் விழவில்லை. டேப்பை ஊருணியில் போட்டுவிடலாமா என்று யோசித்தேன். ஊருணியில் தண்ணீர் இல்லை. வெடிப்பு விட்ட கரிசலில் ஒரு பிளவு பார்த்து இறக்கிவிடலாம். பிறகு ஐப்பசியில் மழை பெய்து மண் மூடிக்கொள்ளும். அதற்குள் மேலே தெரிந்துவிடுமே.

மனைவியிடம் சொல்லலாம் என்றால் டேப் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதைத் துண்டில் சுற்றிப் பள்ளி அலமாரிக்குள் வைத்துவிட்டு, அடிபம்பு வரைக்கும் நடந்து போய்ப் பேசினேன்.

"என்ன, குசுகுசுன்னு பேசுதீங்க?"

"ஏட்டி, மெல்லப் பேசு. நேத்து நடிச்சத அவிய பாத்துட்டாவ."

"யாரு பாத்தா?"

"மேலிடம்."

"மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடுதீங்கல்லா?" என்றாள். "எடம் வருமா வராதான்னு நானே வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்கேன். நீங்க வேற."

சாயங்காலம் கோவில்பட்டிக்குள் நுழைந்ததும் ஒரு கடலைமிட்டாய்ப் பாக்கெட் வாங்கினேன். மன்னிப்பை வெறுங்கையோடு கேட்க மனசு வரவில்லை. போகும் வழியெல்லாம் வசனம் ஒத்திகை பார்த்தேன். "ஐயா, நான் குடும்பத்தைப் பிரிந்து வாழ்பவன், வாய்த்துடுக்கு எனக்கு வியாதி, இடமாறுதலில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள்." வியாதி என்ற இடத்தில் குரல் தானாகவே உடைந்தது. நல்ல நடிப்பு என்று எனக்கே தோன்றியது. பிறகுதான் தெரிந்தது, அது நடிப்பு இல்லை.

அலுவலகத்தில் பத்துப் பன்னிரண்டு வாத்தியார்கள் டேப்போடு உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை பேரா ஐயாவை நடித்துக் காட்டியிருக்கிறார்கள் என்று ஆச்சரியப்பட்டேன். பயிற்றுநர் என் டேப்பை வாங்கினார்.

"புதுசா ஏத்த வேண்டியது ஒண்ணு இருக்கு, அண்ணாச்சி. ஒங்க ஊர்ல சிக்னல் கெடையாதுல்லா, அதான் இங்கன வரச் சொன்னது." விரலால் திரையைக் கீழே இழுத்தவர் நின்றார். "இது என்ன, சத்தம் அளக்கது நிக்காம ஓடிக்கிட்டே கெடக்கு? பேட்டரி சீக்கிரம் தீருமே, கவனிக்கலயா?"

"அந்தப் பச்சைப் புள்ளி..."

"மைக்கு ஓடுதுன்னு அர்த்தம். இதுதான் மைக்க விடாம புடிச்சு வச்சிருக்கு."

"அப்போ கேட்டுக்கிட்டு இருந்தது யாரு?"

"யாரும் கேக்கல அண்ணாச்சி. சத்தம் கூடவா கொறச்சலான்னு பாக்கும், அவ்வளவுதான். என்ன பேசுதோம்னு அதுக்குத் தெரியாது." செயலியை நிறுத்தினார். புள்ளி அணைந்தது.

எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருந்தது. கடலைமிட்டாயைப் பிரித்து எல்லாருக்கும் கொடுத்தேன். ஆனால் அந்த மாடி அறையில் இத்தனை நாளாக ஒருவரும் இல்லை என்பதும் அதோடு சேர்ந்தே உள்ளே இறங்கியது. 'ண' எழுதிய பயலைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவே இல்லை.

அப்போதுதான் வட்டாரக் கல்வி அலுவலர் உள் அறையிலிருந்து வெளியே வந்தார். எல்லாரும் எழுந்தோம். பெல்ட்டை மேலே இழுத்துக்கொண்டார். நான் தரையைப் பார்த்தேன்.

"நீங்க எந்த ஸ்கூல்?"

சொன்னேன்.

"ஓ, அங்கயா? அங்க ரெண்டு பேரு இருக்கீங்கள்லா? ஒருத்தர் இருந்து பாத்துக்கிட்டா மத்தவரு இந்த மாதிரி வேலைக்கு வரலாம். மாத்தி மாத்தி வாங்க."

"ஒருத்தர் ரிட்டையர் ஆயிட்டாங்க ஐயா. நான் மட்டுந்தான்."

"அப்படியா?" என்றார். உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். ஒரு கடலைமிட்டாய் எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

அடுத்த வாரம் கலந்தாய்வு. என் முறை வந்தபோது மனைவி சொன்ன அந்த இடம் திரையில் இருந்தது. தொட்டேன். உத்தரவு வந்தது. மகள் போனில் கத்திய கத்தலுக்கு அந்தச் சத்தச் செயலி இருந்திருந்தால் முகம் வெடித்திருக்கும். பள்ளிக்கூடத்துக்கு வந்து நாட்காட்டியில் கடைசி நாளைக் குறித்து வைத்தேன். சமையல் அக்கா, "போறீயளா சாரு? அப்ப பிள்ளைகள யாரு பாப்பா?" என்று கேட்டாள். புது ஆள் வருவார் என்றேன்.

விடுவிப்பு வாங்க அலுவலகத்துக்குப் போனபோது எழுத்தர் உத்தரவைப் பார்த்துவிட்டு, "நீங்க ஒரே ஆளுல்லா? ஒங்க எடத்துக்கு ஒருத்தர் வந்து சேந்த பொறவுதான் ஒங்கள விட முடியும், சார்" என்றார். என் இடத்தைக் கலந்தாய்வில் யாரும் எடுக்கவில்லை.

விதைப்பு முடிந்து, மழையும் வந்து, உளுந்து முளைத்துவிட்டது. மனைவி முதலில் தினமும் கேட்டாள், இப்போது கேட்பதில்லை. புது ஆள் யாரும் வரவில்லை. உத்தரவு என்னிடம் இருக்கிறது. நான் அதே பள்ளியில்தான் இருக்கிறேன்.